எவரெஸ்டில் ஏறிய முதல் இலங்கையர்

திருகோணமலைக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசர் கோயிலுக்குச் செல்லும் அடியவர்கள், சுவாமிமலையின் விளிம்பில் நின்று கீழே கடலை எட்டிப் பாராமல் திரும்புவதில்லை. செங்குத்தாக ஏறத்தாழ நூறு மீற்றர் இறங்கும் அப்பாறையின் பிளவுக்கு இராவணன் வெட்டு என்பது தமிழ் மக்கள் வழங்கும் பெயர். பாறை முனைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரோ காதலர் பாய்ந்த முனை என்னும் பொருளுடையது. பிரான்சினா வான் றீடே என்னும் ஒல்லாந்த மங்கை, தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிய காதலனின் கலம் முனையைச் சுற்றிச் செல்லும் வேளையில் இங்கிருந்து கடலில் வீழ்ந்து உயிர் துறந்தாள் என்பது அப்பெயருக்குரிய கதை. 1687 ஆம் ஆண்டு பொறிக்கப்பெற்ற தூண் ஒன்றையும் சான்றாகக் காட்டுவர். ஆயின், பழைய ஒல்லாந்த ஆவணங்களை ஆராய்ந்தவர்கள், அம்மங்கை அவ்வாறு இறக்கவில்லை, பின்னர் மணம் புரிந்து வாழ்ந்தாள் என்று எழுதியிருக்கின்றனர். பெண்ணையும் உயரத்தையும் சேர்த்து இத்துறைமுகத்தில் வழங்கும் கதை, பெண் வீழ்ந்த கதையாகவே இருக்கின்றது. அதுவும் நிகழாத வீழ்ச்சி.

நேயர்களே, இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்டது உண்மையில் நிகழ்ந்த ஓர் ஏற்றம். 2016 ஆம் ஆண்டு மே மாதம் 21 ஆந் திகதி, அதிகாலை ஐந்து மணி கடந்து மூன்று நிமிடமளவில், கொழும்பைச் சேர்ந்த ஜயந்தி குரு-உதும்பால என்பவர் எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியிலே கால் வைத்தார். அன்று வெசாக் பூரணை. நாடோ விழாக்கோலத்தில் இருக்கவில்லை. அந்த வாரத்தில்தான் பெருமழையும் வெள்ளமும் பல மாவட்டங்களை அலைக்கழித்தன. மே 17 இல் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலைச்சரிவு குடியிருப்புகளை மூடியது. மண்ணுக்கடியில் உறவினரைத் தேடிக்கொண்டிருந்த நாட்டுக்கு, மற்றொரு மலையின் உச்சியிலிருந்து இச்செய்தி வந்து சேர்ந்தது.

செய்தியை எடுத்துச் சொன்ன பலர், 'எவரெஸ்டில் ஏறிய முதல் இலங்கைப் பெண்' என்று சொன்னார்கள். இன்றும் அவ்வாறு சொல்வோர் உளர். சொல்லிலே பிழையில்லை, பொருளிலே குறை இருக்கின்றது. அவருக்கு முன்னர் எவரெஸ்டின் உச்சியை அடைந்த இலங்கையர் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. இந்நாட்டவருள் முதன்முதல் அங்கே சென்றவர் அவர். 'முதற் பெண்' என்றவுடன், கேட்பவர் மனத்திலே ஓர் ஆண் முன்னரே சென்று வந்துவிட்டான் என்ற எண்ணம் தானாகவே தோன்றிவிடுகின்றது. மலையேற்றத்தின் வரலாற்றைப் புரட்டினால், பெண்கள் ஏறிய உயரத்தைத் தனிக்கணக்கில் எழுதும் இவ்வழக்கம் எத்தனை பழையது என்பது தெரியவரும்.

இலங்கையின் தெருக்களில் துவிச்சக்கர வண்டி ஓட்டிச் சென்ற ஒரு மலையேறியிடமிருந்து தொடங்குவோம். பனி புல்லொக் வேர்க்மன் என்பவர் 1859 இல் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். தந்தையார் அம்மாநிலத்தின் ஆளுநராயிருந்தவர். மருத்துவரான கணவருடன் 1897 இல் இலங்கையிலும் இந்தியாவிலும் துவிச்சக்கர வண்டிப் பயணத்தைத் தொடங்கினார். பதினாலாயிரம் மைல் சென்றதாக அவர்கள் எழுதிய நூல் 1904 இல் வெளிவந்தது. சமவெளியின் வெயிலுக்குத் தப்பி இமயத்தின் பக்கம் போனவர், மலைகளின் பிடியிலிருந்து பின்னர் மீளவேயில்லை. 1906 இல், நாற்பத்தேழாம் வயதில், காஷ்மீரத்து நுன்-குன் மலைத்தொகுதியில் 6,930 மீற்றர் உயரமுள்ள சிகரமொன்றில் ஏறினார். அக்காலத்தில் அவ்வளவு உயரம் சென்ற பெண் வேறில்லை. இரண்டாண்டு கழித்து அன்னி பெக் என்ற மற்றோர் அமெரிக்கப் பெண்மணி, ஐம்பத்தேழாம் வயதில், பெரு நாட்டின் உவாஸ்கரான் சிகரத்தில் ஏறி, அதன் உயரம் இதனினும் கூடுதலாகலாம் என்றார். வேர்க்மன் அம்மையார் வாளாவிருக்கவில்லை. பிரெஞ்சு நில அளவையாளரைத் தம் செலவிலே பெருவுக்கு அனுப்பி, பதின்மூவாயிரம் டொலர் செலவிட்டு, அம்மலை தம்முடையதிலும் தாழ்ந்தது என்பதை அளந்தே நிலைநாட்டினார்!

இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் சற்று எண்ணிப் பார்த்தால், ஆண்கள் ஆண்டுதோறும் புதிய சிகரங்களைத் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட தனிப்பட்டியலில் இடம் ஒன்றுதான் இருந்தது. அவ்வொன்றுக்காக இருவர் போராடினர். அதே அம்மையார் 1912 இல் சியாச்சின் பனியாற்றின் மேட்டுநிலத்தில், பெண்களுக்கு வாக்குரிமை கோரும் செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி படமெடுத்துக்கொண்டார். சுமைகாவிகளைப் பற்றி அவர் எழுதியவை எல்லாம் பாராட்டத் தக்கவையல்ல. தம் இனத்தின் மேன்மையில் ஐயமில்லாத எழுத்து அது. உரிமை கேட்ட கையே பிறர் உரிமையை மறந்ததும் வரலாற்றில் இருக்கின்றது.

எவரெஸ்டில் 1953 மே 29 இல் தென்சிங்கும் ஹில்லறியும் ஏறிய பின்னர், முதலிற் கால் வைத்தவர் எவர் என்று உலகம் கேட்ட கேள்வி அவ்விருவரையும் நெடுநாள் துன்புறுத்தியது. குழுவாக ஏறினோம் என்றே இருவரும் சொல்லிவந்தனர். ஹில்லறி ஓரடி முந்தினார் என்பதைத் தென்சிங் தம் வரலாற்றில் 1955 இல் வெளியிட்டார். இருபத்திரண்டு ஆண்டுகள் வரையில் அவ்வுச்சியைப் பெண் எவரும் அடையவில்லை. அடைந்தவர் ஒரு ஜப்பானியப் பெண்.

ஜப்பான் என்றால் திருகோணமலையின் முதியோர் நினைவில் எழுவது 1942 ஏப்பிரல் 9 ஆந் திகதிக் காலை. அன்று வந்த விமானங்களின் குண்டுவீச்சையும், சீனன்குடாப் பக்கத்து எண்ணெய்க் குதம் எரிந்ததையும் இவ்வூர் மறக்கவில்லை. அந்த நாளில் ஜுங்கோ என்ற சிறுமிக்கு இரண்டரை வயது. புக்குஷிமா மாகாணத்தின் மிஹாரு என்னும் சிற்றூரில் 1939 செப்டெம்பர் 22 இல் பிறந்தவர். மெலிந்த குழந்தை, நோயாளி என்று வீட்டார் எண்ணியிருந்தனர். பத்து வயதில் பள்ளி ஆசிரியர் ஒருவர் மாணவரை நாசு மலைக்கு அழைத்துச் சென்றார். ஓட்டப் பந்தயம் போலன்று மலையேற்றம்; மெல்ல நடப்பவரும் உச்சியைச் சேரலாம் என்பதை அன்று கண்டுகொண்டார்.

பல்கலைக்கழகம் முடித்து மலையேற்றக் கழகங்களிற் சேர்ந்தபோது, கணவன் தேட வந்தவள் என்று சில ஆண்கள் கருதினர். சிலர் அவருடன் கயிறு கட்டி ஏற மறுத்தனர். மலையேறியான மசனோபு தபெய் என்பவரை மணந்தார். 1969 இல் பெண்கள் மட்டுமே கொண்ட கழகத்தை நிறுவினார். மறு ஆண்டு மே மாதத்தில் அன்னபூர்ணா மூன்றாம் சிகரத்தில் ஏறினார். 1971 இல் எவரெஸ்டுக்கு விண்ணப்பித்த கழகத்துக்குக் கிடைத்த முறை 1975.

இந்த இடைவெளியிலே பணம் திரட்டுவது பெரும்பாடாயிற்று. பிள்ளை வளர்க்க வேண்டிய பெண்களுக்கு இமயத்திலே என்ன வேலை என்று கேட்டுக் கதவடைத்தவை பல நிறுவனங்கள். இறுதியில் ஒரு நாளிதழும் ஒரு தொலைக்காட்சி நிலையமும் உதவின. அப்போதும் ஒவ்வொருவரும் தம் கையிலிருந்து ஏறத்தாழ ஓராண்டுச் சம்பளத்துக்கு நிகரான தொகையைக் கட்ட வேண்டியிருந்தது. தபெய் அம்மையார் வீட்டிலே பியானோ கற்பித்துப் பணம் சேர்த்தார். மோட்டார் வண்டி இருக்கையின் பழைய உறையை வெட்டிக் கையுறை தைத்தார். சன்னற் சீலை காற்சட்டையாயிற்று. எவரெஸ்டுக்குப் புறப்பட்ட பதினைந்து பெண்களுள் இவருக்கு மூன்று வயதும் நிரம்பாத பெண்குழந்தை வீட்டிலிருந்தது.

மே 4 ஆந் திகதி இரவு, 6,300 மீற்றர் உயரத்திலிருந்த பாசறைமீது பனிச்சரிவு இறங்கியது. கூடாரத்தோடு புதைந்த தபெய் சில நிமிடம் நினைவிழந்து கிடந்தார். ஷெர்ப்பாக்கள் கணுக்காலைப் பற்றி இழுத்து எடுத்தனர். எழுந்து நடக்கவே நாட்கள் சென்றன. உச்சிக்கு இரு பெண்கள் செல்வது என்றிருந்த திட்டம், மேலே கொண்டுசெல்லப் போதிய பிராணவாயு இன்மையால் ஒருவர் என்று சுருங்கியது. குழுத்தலைவி எய்கோ ஹிசானோ இவரைத் தெரிந்தெடுத்தார். பனிச்சரிவு நடந்து பன்னிரண்டாம் நாள், 1975 மே 16 இல், ஆங் த்செரிங் என்ற ஷெர்ப்பாவுடன் உச்சியை அடைந்தார்.

அதற்குச் சற்று முன்னர், கத்தியின் வாய்போன்ற பனி விளிம்பொன்றை அவர் கடக்க வேண்டியிருந்தது. உடலின் ஒரு பாதி சீனப் பக்கத்திலும் மறு பாதி நேபாளப் பக்கத்திலுமாகப் பக்கவாட்டில் ஊர்ந்தே செல்லலாயிற்று. தமக்கு முன் ஏறிய ஆடவர் எவரும் இவ்விடத்தைப் பற்றி எழுதாமற் போனார்களே என்று அங்கேயே அவருக்குச் சினம் பொங்கியதாம். பிற்காலத்தில் தம்மை 'எவரெஸ்டின் முதற் பெண்' என்று உலகமெல்லாம் கொண்டாடியபோது, எவரெஸ்டில் ஏறிய முப்பத்தாறாவது ஆள் என்று நினைவுகூரப்படுவதையே விரும்புவதாக அவர் சொல்லி வந்தார். தன்னடக்கம் என்று பலரும் அதனைப் பாராட்டினர். எனக்கோ அது தன்னடக்கமாகத் தோன்றவில்லை. தனிப்பட்டியல் வேண்டாம், எல்லாரையும் எழுதிய ஏட்டிலேயே என்னையும் எழுதுங்கள் என்ற கோரிக்கையாகவே படுகின்றது. 1992 இல் ஏழு கண்டங்களின் உயர்ந்த சிகரங்களையும் ஏறி முடித்தார். 2016 ஒக்டோபர் 20 இல் மறைந்தார். ஜயந்தி உச்சியை அடைந்து ஐந்து மாதம் கழிந்திருந்தது.

தபெய்க்குப் பதினொரு நாள் பின்னர், வடக்கே திபெத்துப் பக்கமிருந்து பந்தோக் என்ற திபெத்தியப் பெண்மணி ஏறினார். 1978 ஒக்டோபர் 16 இல் வந்தா ருத்கியேவிச் ஏறினார். போலந்து நாட்டவருள் எவரெஸ்டை முதலில் அடைந்தவர் அவரே. ஒரு நாட்டின் முதல்வரிசையில் பெண்ணே நிற்பதற்கு இலங்கைக்கு முன்பே இவ்வாறு எடுத்துக்காட்டு இருந்தது.

இனி ஜயந்தியின் கதைக்கு வருவோம். அவர் பனிநாட்டில் பிறந்தவரல்லர். நம் நாட்டின் மிகவுயர்ந்த பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். பனி அங்கே படிவதில்லை. பனியில் நடக்கவும், கயிறு கட்டவும், பனிக்கோடரியைப் பிடிக்கவும் கற்றுக்கொள்ள அவர் டார்ஜிலிங் செல்ல வேண்டியிருந்தது. எவரெஸ்ட் வெற்றியின் மறு ஆண்டாகிய 1954 இல் அங்கே நிறுவப்பெற்ற இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம், தென்சிங் பயிற்சித் தலைவராயிருந்து வளர்த்த இடம். தொழிலால் ஜயந்தி பெண்ணுரிமைப் பணியாளர். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பால்நிலைக் கற்கையில் முதுமாணிப் பட்டம் பெற்றவர். பெண்களும் ஊடகமும் பற்றிய பணியில் ஈடுபட்ட கொழும்பு அமைப்பொன்றில் வேலை செய்தவர். பெண்கள் எவ்வாறு எழுதப்படுகின்றனர் என்பதை ஆராய்ந்த ஒருவரே பின்னர் 'முதற் பெண்' என்று எழுதப்பட்டார் என்பது ஒரு வேடிக்கை.

ஜொஹான் பீரிஸ் என்பவர் அவருடைய மலைத்தோழர். கொழும்பில் சிகையலங்காரக் கலைஞராகப் பெயர் பெற்றவர். இருவரும் நேபாளத்தில் 6,189 மீற்றர் உயரமுள்ள இம்ஜா த்சே சிகரத்திலும், ஆபிரிக்காவின் கிளிமாஞ்சாரோவிலும் ஏறிப் பழகினர். எவரெஸ்டுக்கு அவர்கள் தெரிந்துகொண்ட ஆண்டு அச்சம் நீங்காத ஆண்டு. 2014 ஏப்பிரலில் கும்பு பனிவீழ்ச்சியில் இடிந்த பனி பதினாறு நேபாளத் தொழிலாளரைக் கொன்றது. 2015 ஏப்பிரல் 25 இல் நிலநடுக்கம். அதனால் எழுந்த பனிச்சரிவு அடிவாரப் பாசறையையே அடித்துச் சென்றது. அந்த ஆண்டு முழுவதும் எவரும் உச்சியை அடையவில்லை. 1974 க்குப் பின் அவ்வாறு நேர்ந்தது அதுவே முதன்முறை. 2016 இன் வசந்தத்தில் சென்றவர்கள், கயிறும் ஏணியும் இனித் தாங்குமா என்று பார்க்கப் போனவர்கள் போலத்தான் இருந்தார்கள்.

கடலோரத்தில் வாழும் நேயர்களுக்கு அவ்வுயரத்தை எவ்வாறு விளக்குவது? மலையின் உயரமெல்லாம் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுகின்றது. அந்தக் கணக்குத் தொடங்கும் இடம் கரையில் நிற்கும் நம் காலடிதான். 5,364 மீற்றரிலுள்ள அடிவாரப் பாசறையிலே, நாம் உட்கொள்ளும் பிராணவாயுவில் ஏறத்தாழப் பாதியே ஒரு மூச்சுக்குக் கிடைக்கும். உச்சியில் மூன்றிலொரு பங்கு. உச்சியில் தண்ணீர் கொதிக்கும். கடற்கரையில் கொதிக்கும் நீரின் சூடு அதில் இராது. ஆதலால் ஒரேயடியாக ஏறிச் செல்ல இயலாது. ஏறுவதும் இறங்குவதும் மீண்டும் ஏறுவதுமாகப் பல வாரம் உடலைப் பழக்க வேண்டும். பனிவீழ்ச்சியின் பிளவுகள்மேல் கிடத்திய அலுமினிய ஏணிகளில் முள் பொருத்திய காலணியோடு நடக்க வேண்டும். லோட்சே மலையின் பனிச்சுவரைக் கயிற்றைப் பற்றி ஏறித் தெற்குக் கணவாயை அடைய வேண்டும். அங்கிருந்து இரவிலே புறப்படுவர்.

மே 20 ஆந் திகதி இரவு, ஏறத்தாழ முழுநிலாவின் ஒளியில், இரு இலங்கையரும் தத்தம் ஷெர்ப்பா வழிகாட்டியருடன் புறப்பட்டனர். 8,400 மீற்றரளவில் பீரிஸின் பிராணவாயுவிலே சிக்கல் ஏற்பட்டது. உச்சிக்கு இன்னும் நானூற்றைம்பது மீற்றர்தான் இருந்தது. மேலே போனால் திரும்புதல் ஐயம். அவர் திரும்பினார். அன்று அவர் எடுத்த முடிவு ஏறுவதைவிடக் கடினமானது என்றே நினைக்கின்றேன்; அதே நாட்களில் அந்த மலையிலே திரும்பக் காலந்தாழ்த்திய பலநாட்டவர் சிலர் உயிரிழந்தனர். ஜயந்தி தொடர்ந்து ஏறி, கிழக்கு வெளுக்கும் வேளையில் உச்சியில் நின்றார்.

அந்த வருகையை உலகுக்கு உறுதிப்படுத்தும் ஏடு ஒன்று காட்மண்டுவில் உண்டு. எலிசபெத் ஹோலி என்ற அமெரிக்கச் செய்தியாளர் 1960 முதல் அந்நகரில் வாழ்ந்து, இமயத்துக்கு வந்த ஒவ்வொரு குழுவையும் விடுதியிலே சென்று கண்டு, எந்த வழியால், எத்தனை மணிக்கு, எவருடன் என்று துருவித் துருவிக் கேட்டு எழுதி வைத்தார். அவர் மலையேறியதேயில்லை. பொய் சொல்லிப் பெயர் பெற நினைத்தவர்கள் அவருடைய கேள்விக்கு அஞ்சினார்கள். 2018 சனவரியில் தொண்ணூற்றுநாலாம் வயதில் காலமானார். அவர் தொடங்கிய பதிவேட்டில் ஆணும் பெண்ணும் சுமைகாவியாய்த் தொடங்கிய ஷெர்ப்பாவும் ஒரே நிரலில் வருகின்றனர்.

நாடு திரும்பிய ஜயந்தியை அரசு பெண்ணுரிமைகளுக்கான தூதராக அறிவித்தது. பள்ளிகளுக்கும் கூட்டங்களுக்கும் சென்று பேசினார். தமிழகத்திலிருந்தும் ஒரு செய்தி பின்னர் வந்தது. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த ந. முத்தமிழ்ச்செல்வி, ஜப்பானிய மொழி கற்பிப்பவர், 2023 மே 23 இல் எவரெஸ்டை அடைந்தார். முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், 1984 இல், பச்சேந்திரி பால் என்ற முதல் இந்தியப் பெண்மணி ஏறியதும் அதே மே 23 ஆந் திகதியில்தான்.

ஏட்டில் எழுதப்படாத ஏற்றங்களும் நம் நாட்டில் உண்டு. சிவனொளிபாதமலையின் 2,243 மீற்றரை, பருவந்தோறும் நள்ளிரவுக் குளிரில், பேரப்பிள்ளையின் தோளைப் பிடித்தபடி ஏறி விடியலில் உச்சியில் நிற்கும் கிழவிகளை எந்தக் கழகமும் எண்ணியதில்லை. அவர்களும் எண்ணச் சொன்னதில்லை.

ஜொஹான் பீரிஸ் 2018 மே மாதத்தில் மீண்டும் சென்றார். முன்னர் திரும்பிய இடத்தைக் கடந்து, 22 ஆந் திகதி காலை உச்சியை அடைந்தார். எவரெஸ்டை அடைந்த இரண்டாவது இலங்கையர் என்று சிலர் எழுதினர். முதல் இலங்கை ஆண் என்று எழுதியவர்களும் உளர்.